கண்ணாடி நியூரானோடு கதை முடியவில்லை

ஆசிரியருக்கு,

அடுத்தவர் அழுதால் நமக்கும் அழுகை வருவதற்குக் காரணம் மூளையிலுள்ள 'கண்ணாடி நியூரான்கள்' என்ற நரம்பு செல்கள்தான் என்று உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை அடித்துச் சொல்கிறது. அவ்வளவு சுலபமில்லை. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் நரம்பியல் ஆய்வாளர் ரிசோலாட்டியின் குழுவினர் அவற்றைக் கண்டது மக்காக் குரங்குகளின் மூளையில். குரங்கு ஒரு பொருளைத் தானே எடுத்தபோதும், வேறொருவர் எடுப்பதைப் பார்த்தபோதும் அவை இயங்கின. அதாவது கையசைவு. அதிலிருந்து அழுகைக்குப் போக நிறைய தூரம் இருக்கிறது.

கட்டுரை பேசாமல் விட்டது இன்சுலா என்ற மூளைப் பகுதியை. மூளையின் பக்கவாட்டில் ஆழமான மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் வெளியே தெரியாது. இதயத் துடிப்பு, மூச்சு, வயிறு, உடல் சூடு பற்றிய செய்திகள் இதன் பின்பகுதியில் வந்து இறங்கி, முன்பகுதிக்குப் போகப் போக உணர்ச்சியோடு கலக்கின்றன. 2004இல் தானியா சிங்கரும் சக ஆய்வாளர்களும் லண்டனில் 16 பெண்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, சில முறை அவர்கள் கையிலும் சில முறை பக்கத்திலிருந்த துணைவர் கையிலும் சுருக்கென்று மின்சாரம் கொடுத்தார்கள் (இதற்கும் சம்மதித்து வந்திருக்கிறார்களே!). இரண்டு சமயத்திலும் இன்சுலாவின் முன்பகுதி இயங்கியது; ஆனால் வலி உடம்பில் எங்கே, எவ்வளவு என்று குறிக்கும் தொடுவுணர்வுப் பகுதி, தனக்கு வலித்தபோது மட்டும்தான் இயங்கியது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. துணைவரின் கைவலி அவர்கள் கைக்கு வரவில்லை, வேதனை மட்டும் வந்தது. "அவன் விழுந்ததைப் பார்த்து வயிற்றைப் பிசைந்தது" என்கிறோமே, அடிபட்டது அவன் கால், பிசைந்தது நம் வயிறு.

சரி, அதற்காக இன்சுலாதான் இரக்கத்தின் இருப்பிடம் என்று அடுத்த வாரம் எழுதிவிடாதீர்கள். சுவைக்கும் அருவருப்புக்கும்கூட அது இயங்கும், அதனால் ஸ்கேன் படத்தில் ஒரே இடம் ஒளிர்ந்தது என்பதை வைத்து இருவருக்கும் ஒரே உணர்வு என்று சொல்ல முடியாது. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பதோ இன்னொரு வேலை. அதில் காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமுள்ள பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மனதிலுள்ளதை அப்படியே கணித்துவிட்டு, துளியும் இரங்காமல் அதை வைத்தே ஏமாற்றுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் கட்டுரையின் பெரிய கோளாறு.

அப்புறம், கட்டுரையோடு வந்த படத்தில் "உணர்ச்சி மையம்" என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பது சிறுமூளையை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்