ஆரஞ்சு முதலில், நீலம் அப்புறம்

மண்டபம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த வேலையைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். டேட்டா சென்டரில் புதுக் கேபிள் போட்டதும் லிங்க் வரவில்லை என்று நீ கேட்டிருந்த கேள்விக்கும் அதிலேயே பாதிப் பதில் கிடைக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, காலையில் கடற்கரை வரை நடந்து போய் வருகிறார். தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை ஊர் இப்படித்தான் இருக்கும். ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் காற்று எடுத்துவிட்டது, பெண்கடல் (பாக் விரிகுடா) தாம்பாளம் போலக் கிடக்கிறது. நுங்கும் வந்துவிட்டது. மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ. புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போகவேண்டும் என்று சின்னவன் கேட்டதாக எழுதியிருந்தாயே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடலோரத்தில் ஒரு மீன் பதனிடும் கூடம், பெயர் வேண்டாம். அலுவலகத்துக்கும் குளிர்கிடங்குக்கும் நடுவே 400 மீட்டருக்கு 12 கோர் சிங்கிள் மோடு கேபிள், அதாவது 12 கண்ணாடி நார் உள்ள ஒளியிழைக் கேபிள் ஓடுகிறது. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, குளிர்கிடங்குச் சுவரை ஒட்டி அதை அறுத்துவிட்டது. நல்லவேளையாக அங்கே கொஞ்சம் கேபிளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதை உள்ளே இழுத்து, நார்முனைகள் வந்து சேருகிற பேனலில் புதிதாக பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள குட்டி நார்) வைத்து ஸ்ப்ளைஸ் அடித்தோம், அதாவது நாரோடு நாரை உருக்கி ஒட்டினோம். என்னோடு வருகிற தம்பி கை சுத்தமான பையன். 12 ஸ்ப்ளைஸில் ஒன்றில்கூட ஒளி இழப்பு 0.05 டிபியைத் தாண்டவில்லை. நாரைச் சோதிக்கிற ஓடிடிஆர் கருவியில் கோடு நூல் பிடித்த மாதிரி போனது. சந்தோஷமாக, பேனலையும் ஸ்விட்சையும் இணைக்கிற பேட்ச் கார்டை மாட்டினோம். மூன்று லிங்கில் ஒன்றுகூட வரவில்லை.

ஸ்விட்சுக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எஸ்எஃப்பி (ஸ்விட்சில் செருகுகிற, ஒளியை அனுப்பி வாங்குகிற மாட்யூல்) அனுப்புகிற ஒளி சரியாக இருக்கிறது. உள்ளே வருகிற ஒளி மட்டும் மைனஸ் 40 டிபிஎம், அதாவது இருட்டு. கேபிளில் குறை இல்லை, கருவியில் குறை இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் குருடு. நீயும் நானும் இந்த அறிகுறியை எத்தனை தடவை பார்த்திருப்போம்! எஸ்எஃப்பியைக் கழற்றிவிட்டு, பேட்ச் கார்டு வழியாகச் சிவப்பு லேசரை அடித்தேன். என் பக்கம் டிஎக்ஸில், அதாவது ஒளியை அனுப்புகிற வாயில் குத்தும் முனையில் விட்ட வெளிச்சம், அந்தப் பக்கம் டிஎக்ஸில் குத்தவேண்டிய முனையில் வந்து நின்றது. இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டிருக்கின்றன, காது இரண்டும் சும்மா கிடக்கின்றன.

"பழைய பேனல்ல வரிசை எப்படி இருந்துச்சு?" என்று பையனிடம் கேட்டேன்.

"முன்னாடி செஞ்சவங்க தப்பா மாட்டியிருந்தாங்க அண்ணே. ஆரஞ்சு மொதல்ல, நீலம் ரெண்டாவது. அப்புறம் பழுப்பு, பச்சை. எல்லாமே ஜோடி ஜோடியா மாறிக் கிடந்துச்சு. நான் ஒழுங்கா வரிசைப்படுத்திட்டேன்."

பங்காளி, எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், ஆக்வா என்று வாய்ப்பாடு மாதிரி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒரு முனையில் அதை ஜோடி ஜோடியாகத் திருப்பிப் போடுவதும் முறைதான் என்று சொல்லிக்கொடுக்காததும் நான்தான். முன்னால் செய்தவர் யாரோ தெரியாது, ஆனால் விவரம் தெரிந்த ஆள். முறைப்படி அலுவலகப் பக்கம் நேர்வரிசை, குளிர்கிடங்குப் பக்கம் ஜோடி மாற்றிய வரிசை என்று வைத்திருக்கிறார். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அது ஒன்றுதான் அவர் விட்ட குறை.

பையனை உட்கார வைத்து விளக்கினேன். கடையில் வாங்குகிற இரட்டை எல்சி (இரண்டு நார் கொண்ட) பேட்ச் கார்டு ஒவ்வொன்றிலும் ஒரே நார் ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி. அதாவது கார்டுக்குள்ளேயே ஒரு மாற்று இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கார்டு, அந்தப் பக்கம் ஒரு கார்டு, ஆக இரண்டு மாற்று. இரண்டு தடவை மாற்றினால் பழையபடி நேராகிவிடும், டிஎக்ஸ் போய் டிஎக்ஸிலேயே விழும். நடுவில் கேபிளும் ஒரு தடவை மாற்றினால் மூன்று. மொத்த மாற்று ஒற்றைப்படையாக இருந்தால் லிங்க் வரும், இரட்டைப்படையாக இருந்தால் வராது. இவ்வளவுதான் கணக்கு. பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

அதற்குள் அங்கே இருந்த மேற்பார்வையாளர், "கிளிப்பக் கழட்டி ரெண்டையும் மாத்திக் குத்திவிடுங்க, வந்துரும்" என்று அவசரப்படுத்தினார். கிடங்கில் சரக்கு நிற்கிறது, வெப்பநிலை அலாரம் அலுவலகத்துக்குப் போகவில்லை, அவர் பதற்றம் நியாயம்தான். மாற்றிக் குத்தினால் உடனே பச்சை விளக்கு எரியும் என்பதும் உண்மை. அவருக்காக மூன்று லிங்கையும் அப்படியே எழுப்பிக் கொடுத்தேன். ஆனால் அப்படியே விட்டுவிட்டு வர மனசில்லை. இந்தப் பக்கத்து உப்புக்காற்றில் ரேக்கின் திருகே துருப்பிடித்து நிற்கிறது, கார்டு எத்தனை நாள் தாங்கும்? ஒரு வருஷம் கழித்து எவனோ ஒரு பையன் பழைய கார்டைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கடையிலிருந்து புதுசு வாங்கி மாட்டுவான். லிங்க் போகும். கார்டு பழுது என்று இன்னொன்று வாங்குவான், அப்புறம் எஸ்எஃப்பியை மாற்றுவான், அப்புறம் ஸ்விட்சைக் குறை சொல்வான். நாம் மாற்றிக் குத்திய கிளிப்புக்காக அவன் ஒரு ராத்திரி முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

அதனால் அலாரம் சரியான பிறகு, ஒவ்வொரு லிங்காகச் சொல்லிவிட்டு இறக்கி, பேனலைத் திறந்து பின்பக்கம் 12 முனையையும் கழற்றி ஜோடி மாற்றிப் போட்டோம். கழற்றிய முனையைத் துடைக்காமல் திரும்பக் குத்தக்கூடாது என்று பையனுக்கு ஒரு தடவைதான் சொன்னேன். கிளீனரை ஒவ்வொன்றிலும் அழுத்திச் சொடக்கு சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட்டான். பேட்ச் கார்டு எல்லாம் ஏ, பி என்று கடையில் வந்த மாதிரியே திரும்பியது. அதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கடைசியில் பேனல் மூடிக்கு உள்பக்கம் பையனே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினான்: "இந்த முனையில் ஜோடி மாற்றிய வரிசை. ஆரஞ்சு 1, நீலம் 2. தப்பு இல்லை, மாற்றாதீர்கள். மறுமுனை நேர்வரிசை." அலுவலகப் பக்கமும் போய் அதற்குத் தகுந்ததை ஒட்டிவிட்டு வந்தோம். வருகிற வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று இழுக்க, அம்பாப் பாட்டுச் சத்தம் மட்டும் ஒன்றாகக் கேட்டது. பையன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

இனி உன் விஷயம். டேட்டா சென்டரில் பழைய எம்பிஓ டிரங்கை (ஒரே கனெக்டரில் 12 நாரும் சேர்ந்த நடுக் கேபிள்) எடுத்துவிட்டுப் புதுசு போட்டதும் 40ஜி லிங்க் எதுவும் வரவில்லை, சிவப்பு லேசர் மட்டும் போகிறது என்று எழுதியிருந்தாய். கேபிளின் மேலுறையில் என்ன டைப் என்று அச்சடித்திருக்கிறது என்று முதலில் பார். எனக்குத் தோன்றுவது இதுதான்: உன் கார்டு இரண்டும் டைப் பி, பழைய டிரங்கும் டைப் பி, புதுசு டைப் ஏ.

உன் 40ஜி லிங்கின் எஸ்ஆர்4 மாட்யூலில் 1 முதல் 4 வரை அனுப்புகிற நார், 9 முதல் 12 வரை வாங்குகிற நார், நடு நாலும் சும்மா. டைப் பி கேபிள் 1-ஐ 12-க்கும் 2-ஐ 11-க்கும் தலைகீழாகக் கொண்டுபோகும். அப்படி மூன்று கேபிள் வரிசையாக இருந்தால் மூன்று திருப்பம், ஒற்றைப்படை, அனுப்பியது வாங்குகிற இடத்தில் விழும். நடுவில் நேராகப் போகிற டைப் ஏ வந்தால் திருப்பம் இரண்டாகிவிடும், 1 மறுபடி 1-லேயே போய் விழும். குளிர்கிடங்கில் நான் பார்த்த அதே கணக்குதான், நார் மட்டும் அதிகம். டைப் சி வேண்டவே வேண்டாம். அது பக்கத்துப் பக்கத்து நாரை ஜோடியாக மாற்றுவது. இரட்டை நார் லிங்குக்கு நல்லது, உன் 40ஜிக்கு உதவாது.

டிரங்கைத் திரும்ப வாங்க நாளாகும் என்றால் ஒரு பக்கத்துக் கார்டை மட்டும் டைப் ஏ ஆக மாற்றினாலும் ஓடும், திருப்பம் ஒன்றாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் ரெண்டு வகைக் கார்டு புழங்க ஆரம்பித்துவிடும் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முடிந்தால் டிரங்கையே மாற்றச் சொல். இன்னொன்று, எந்த நாரில் வெளிச்சம் வருகிறது என்று யாரையும் கண்ணால் பார்க்க விடாதே. சிலர் போன் கேமராவைக் காட்டிப் பார்ப்பார்கள். 850 நானோமீட்டர் ஒளி சில போனில் மங்கலாகத் தெரியும், 1310 தெரியவே தெரியாது. தெரியவில்லை என்றதும் குனிந்து பார்க்கத்தான் தோன்றும். பவர் மீட்டர் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்.

பையன் போட்ட படத்தின் நகல் ஒன்று இந்தக் கவரிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் நேர்வரிசை, மறுபக்கம் ஜோடி மாற்றியது, நடுவில் எத்தனை மாற்று என்று எண் போட்டிருக்கிறான். உன்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு உதவும் என்றால் சுவரில் ஒட்டு. டிரங்கு என்ன டைப் என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, பையனும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மதினிக்கு முண்டு மிளகாய் வற்றல் இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். நீ வரத் தாமதமானால் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி