அரக்கான் இராணுவத்துடன் பேசும்போது

ஆசிரியருக்கு,

மியான்மரின் ரக்கைன் மாநில நிலவரம் குறித்த தங்கள் தலையங்கம், மியான்மர் இராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ரக்கைன் இன ஆயுதக் குழுவான அரக்கான் இராணுவத்தை, மிசோரமை ரக்கைனின் சித்வே துறைமுகத்துடன் இணைக்க இந்தியா மேற்கொண்டுள்ள கலாதான் போக்குவரத்துத் திட்டத்துக்கு நேர்ந்த இடையூறாக மட்டுமே பார்க்கிறது. 2009-இல் கச்சின் மாநிலத்தின் லைசாவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, 2024 ஜனவரியில் சின் மாநிலத்தின் பலேத்வா நகரையும் டிசம்பரில் ரக்கைனின் எல்லை நகரான மவுங்டாவையும் கைப்பற்றி, மியான்மரின் வங்கதேச எல்லை முழுவதையும் தன்வசப்படுத்தியது. இன்று அது வரி வசூலித்து, நீதிமன்றம் நடத்தும் ஓர் ஆட்சி. ஆட்சி செய்பவர் எவராயினும் ஆளப்படுவோரின் உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டும். ரக்கைனில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் மீதான கொலைகளுக்கும் வெளியேற்றத்துக்கும் இந்த அமைப்பின் மீது மனித உரிமை அமைப்புகள் சாட்டும் குற்றங்களை, மியான்மர் இராணுவ ஆட்சியின் கொடுமைகளைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது.

மிசோரமின் லாங்டலாய் மாவட்டத்தில் சாலைப் பணியில் இருந்தபோது, பலேத்வா பக்கத்திலிருந்து சண்டைக்கு அஞ்சி வந்த சின் இனக் குடும்பங்கள் தேவாலயக் கூடத்தில் பாய் விரித்துத் தங்கியிருந்ததையும், உள்ளூர் இளைஞர்கள் வீடு வீடாக அரிசி திரட்டிக் கொடுத்ததையும் நேரில் கண்டேன். அந்த மக்களுக்குச் சாலையைவிட, அச்சமின்றி ஊர் திரும்புவதே பெரிது. எனவே, கலாதான் பாதைக்காக அரக்கான் இராணுவத்துடன் இந்தியா நடத்தும் எந்தப் பேச்சிலும், ரோஹிங்கியா, சின் மக்களின் பாதுகாப்பையும் நிவாரணப் பொருள்கள் தடையின்றிச் செல்வதையும் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சிராப்பள்ளி