காட்டில் கழுவிய படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாஜிகளை எதிர்த்து நின்ற யூதப் பெண்கள் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஃபே ஷுல்மனுக்கு அதில் அரைப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். சிறுத்தைப் புள்ளிக் கோட்டு, கையில் துப்பாக்கி, கெரில்லா வீராங்கனை என்று சொல்லிவிட்டு, கடைசியில் ‘காட்டில் புகைப்படங்களும் எடுத்தார்’ என்று ஒரு வரி. அந்த ‘உம்’தான் உறுத்துகிறது. அவர் உயிர் பிழைத்ததே காமிராவால்தான்.

அவருடைய ஊர் லெனின். அன்று போலந்தின் கிழக்கு எல்லை, இன்று பெலாரஸ். (ரஷ்யத் தலைவருக்கும் ஊர்ப் பெயருக்கும் சம்பந்தமில்லை, அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஊர் அந்தப் பெயரோடு இருக்கிறது.) அண்ணன் மோய்ஷேயிடம் தொழில் கற்று, 16 வயதில் அவருடைய ஸ்டுடியோவை ஏற்று நடத்தியவர் ஃபே. 1942 ஆகஸ்ட் 14 அன்று ஜெர்மானியர்கள் லெனின் கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) 1,850 யூதர்களைக் கொன்றார்கள். பெற்றோரும் சகோதரிகளும் தம்பியும் அதில் போனார்கள். தங்களுக்குத் தேவையான தொழில் தெரிந்த 26 பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஃபே அவர்களில் ஒருவர்.

பிறகு, அந்தப் படுகொலையைத் தாங்களே எடுத்த படங்களைக் கழுவிப் போடச் சொல்லி அவரிடமே கொடுத்தார்கள். குழியில் கிடந்த பிணங்களுக்கு நடுவே சொந்தக் குடும்பத்தை அவர் கண்டது அப்படித்தான். ரகசியமாகத் தனக்கும் பிரதி போட்டுக்கொண்டார். ஸ்டுடியோ வேலை தெரிந்தவர்களுக்கு இது எப்படி முடிந்திருக்கும் என்று புரியும். நெகட்டிவ் கையில் இருந்தால் இன்னொரு பிரின்ட் போடச் சில நிமிடங்கள் போதும். எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டுவது என்று பார்க்க ஒன்றிரண்டு தாள் வீணாவது அன்றாடம் நடப்பது. கணக்கில் ஒரு தாள் குறைந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தத் தாள் ஈரம் காய்கிறவரை அதை மடிக்கவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது. கதவு தட்டப்பட்டால் தீர்ந்தது.

1942 செப்டம்பரில் கெரில்லாக்கள் ஊரைத் தாக்கியபோது அவர்களோடு காட்டுக்குள் போய்விட்டார். மொலோத்தவா என்ற அந்தக் கெரில்லாப் படைப்பிரிவில் பெரும்பாலானோர் ஜெர்மானியச் சிறையிலிருந்து தப்பிய சோவியத் செம்படை வீரர்கள். மருத்துவம் தெரியாத ஃபேயைச் சேர்த்துக்கொள்ளக் காரணம், அவருடைய அக்காள் கணவர் டாக்டராக இருந்ததுதான். முகாமின் மருத்துவரோ கால்நடை வைத்தியர். அவரிடம் கேட்டுக் கேட்டு நர்ஸ் வேலை பழகினார். மரக்கிளைகளைக் கட்டிய மேசைதான் அறுவைக் கூடம், மயக்க மருந்துக்குப் பதில் வோட்கா. யூத வெறுப்பு அங்கேயும் இருந்ததால், புளித்த ரொட்டி விலக்கப்பட்ட யூதப் பண்டிகையான பாஸ்கா நாட்களில் அதைத் தவிர்க்க, காரணம் சொல்லாமல் உருளைக்கிழங்கை மட்டும் தின்று சமாளித்திருக்கிறார்.

பின்னர் லெனின் மீது நடந்த ஒரு தாக்குதலில் அவருடைய பழைய காமிராவும் சாமான்களும் திரும்பக் கிடைத்தன. அப்போது தன் வீட்டை எரித்துவிடும்படி அவரே சொன்னார். குடும்பமே இல்லாத வீடு எதிரிக்கு எதற்கு?

இனி, உங்கள் கட்டுரை தொடாத விஷயம். காட்டில் மின்சாரம் இல்லை, இருட்டறை இல்லை, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் இல்லை. பிலிமைப் போர்வைக்குள் வைத்துக் கழுவினார். எல்லா நிற ஒளியையும் வாங்கும் பிலிமாக இருந்தால் சிவப்பு விளக்குகூட ஆகாது, முழு இருட்டு வேண்டும். அந்த அட்சரேகையில் ஜூன் மாத இருட்டு சில மணி நேரம்தான். போர்வையில் ஓர் ஓரம் தூக்கினால் பிலிம் முழுவதும் புகைபோல மூட்டம் விழும். குளிர்காலத்தில் வேறு தொல்லை. படத்தைத் தெரியவைக்கும் கரைசலான டெவலப்பர் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள ஹைட்ரோகுவினோன் என்ற மருந்து ஏறக்குறைய செத்துவிடும், படம் வெளிறிப்போகும். கரைசலைச் சூடாக்கித்தான் ஆக வேண்டும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போதிய நேரம் ஊறாவிட்டாலோ, பிறகு நல்ல தண்ணீரில் அலசாவிட்டாலோ அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கழித்துப் பழுப்புக் கறை கிளம்பும்.

பிரின்டுக்கு வெயில். நெகட்டிவ்வின் மருந்துப் பக்கமும் (ஒளி வாங்கும் பூச்சுள்ள பக்கம்) தாளின் மருந்துப் பக்கமும் முகத்தோடு முகம் ஒட்ட, அழுத்திப் பிடித்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. இரண்டுக்கும் நடுவே முடியிழை இடைவெளி விழுந்தாலும் முகங்கள் கலங்கிவிடும். மேகம் வந்தால் நேரக் கணக்கு தப்பிவிடும். இப்படி எடுத்தவை நூற்றுக்கும் மேல். தாக்குதலுக்குப் போகும்போது காமிராவையும் முக்காலியையும் மண்ணில் புதைத்துவிட்டுப் போவார். ஈரமண்ணில் காமிராவின் மடிப்புத் துருத்தித் தோல் பூஞ்சை பிடிக்கும், லென்ஸில் மூட்டம் படியும். எடுத்துத் துடைத்து மறுபடியும் படம். 1944 ஜூலை வரை இதுதான் பிழைப்பு.

அந்தப் படங்களில் ஒன்றைத்தான் நீங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள்: யூத, ரஷ்யக் கெரில்லாக்களை ஒரே குழியில் அடக்கம் செய்யும் காட்சி. உயிரோடு இருந்தபோது யூதர் என்பதை மறைக்க வேண்டியிருந்த இடத்தில் எடுத்த படம் என்பதை மனதில் வைத்து அதைப் பாருங்கள். அதன் அடியில் ‘கோப்புப் படம்’ என்று அச்சாகியிருக்கிறது.

அடுத்த இதழில் ‘படம்: ஃபே ஷுல்மன்’ என்று திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோத் தொழிலாளி ஒருவர்,
காரைக்குடி.