பின் ஷாக் அப்சார்பர் சர்வீஸில் நடந்த தவறு குறித்த புகார்

அனுப்புநர்: செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.
பெறுநர்: சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்.

ஐயா, வணக்கம்.

பழைய புல்லட்டின் பின் ஷாக் ஜோடியை ஆயில் மாற்றி, சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மாற்றித் தரும்படி அனுப்பியிருந்தோம். ரூ.3,800 வாங்கிக்கொண்டு பளபளவென்று அனுப்பினீர்கள். 400 கி.மீ.கூட ஓடவில்லை. இரண்டு பக்கமும் கசிகிறது. கேட்டால், "மலைப்பாதையில் ஓட்டினால் அப்படித்தான்" என்று பதில். புளியரை எஸ் வளைவில் ஏறி இறங்கத்தானே ஐயா ஷாக்?

கழற்றிப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறோம்.

இடது பக்கம்: உங்கள் பில்லில் ஆயில் 60 மி.லி. என்று இருக்கிறது. வடித்து அளந்தால் 68. ஷாக்கின் எண்ணெய்க் குழாய் விளிம்புவரை பிடிப்பதே 70தான். அதற்குள் ஏறி இறங்கும் ராடு 12 மி.மீ. தடிமன், முழுதாக இறங்கினால் 70 மி.மீ. உள்ளே போகும். அப்படிப் போகும் ராடுக்கு ஏறக்குறைய 8 மி.லி. காலியிடம் வேண்டும். காலியாக இருந்தது 2தான். வடிப்பதற்கு முன்பே ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கையால் அழுத்திப் பார்த்தோம், 18 மி.மீ.யில் கல் மாதிரி நின்றுவிட்டது. எண்ணெய் நசுங்காது. பின்னால் ஆள் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் அத்தனை அழுத்தமும் சீல் மேல்தான். சீல் வெளியே பிதுங்கியிருக்கிறது.

வலது பக்கம் வேறு கதை. ராடில் கடுகளவு துருக்குழிகள். மேலே எமரித் தாள் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் தட்டும். குழியின் விளிம்பு ஒவ்வொரு இறக்கத்திலும் சீல் லிப்பை, அதாவது ராடைத் தொடும் ஓரத்தைச் சீவுகிறது. இந்த ராடில் எத்தனை புது சீல் போட்டாலும் இதே கதிதான். மீதி இருந்த ஆயில் 41 மி.லி. அதனால் பிஸ்டன் காற்றில் ஓடி, முதல் ஓர் அங்குலம் பிடிமானமே இல்லை. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் பஞ்சு. வளைவில் வண்டி எப்படி நிற்கும்? கசிந்த எண்ணெய் பின் டயரிலும் வழிகிறது. இதுதான் பெரிய பயம்.

இன்னொரு முறை சீலை மட்டும் மாற்றித் தருவதென்றால் வேண்டாம். ராடில் ஹார்டு குரோம் (கடினமான குரோமியப் பூச்சு) ஏற்றி, பழைய 12 மி.மீ.க்கே கிரைண்டிங் செய்ய வேண்டும். ராடை நேராகப் பிடிக்கும் கைடு புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் ராடு சாய்ந்து சீலை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாமல் மெஷரிங் ஜாரில் இரண்டுக்கும் 60 மி.லி. அளந்து ஊற்றுங்கள். நிமிர்த்திப் பிடித்து மெதுவாக ஐந்தாறு தடவை இழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகு, ஸ்பிரிங் மாட்டும் முன் 70 மி.மீ. முழுதாக இறங்குகிறதா என்று அளந்து எழுதி அனுப்புங்கள்.

முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தரவும். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

பிதுங்கிய சீலும் பில் நகலும் இத்துடன் உள்ளன. ராடு எங்களிடமே இருக்கிறது. பதில் வந்தபின் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளரும் மெக்கானிக்கும்