வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு நூலைப் படிப்பது நம் வழக்கம். இந்த முறை ஓர் இதழை எடுத்துக்கொண்டோம்: 1876 முதல் இங்கிலாந்தில் வெளிவரும் ‘மைண்ட்’ என்னும் தத்துவக் காலாண்டிதழ். பழைய கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து மாதக் கூட்டங்களில் வாசித்தோம்.

கூட்டம் களைகட்டியது டார்வினிடம்தான். குழந்தைகள் பேசக் கற்பது பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் எழுதியதை இந்த இதழில் படித்துவிட்டு, தம் மூத்த மகனைப் பற்றி 37 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த குறிப்புகளைத் தூசி தட்டி, 1877-ல் கட்டுரையாக்கினார் அவர். சரியாக ஒரு வயதில் பிள்ளை சாப்பாட்டுக்கு ‘மம்’ என்று தானே பேர் வைத்ததாம். இதை வாசித்ததும் பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்ல, அன்றைய நிகழ்ச்சி நிரல் போன இடம் தெரியவில்லை. ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவர் தன் பழைய நோட்டைத் திறக்கிறார். ஆய்விதழின் வேலையே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோலின், ஆமை அக்கிலீஸை வாதத்தில் மடக்கும் உரையாடல் (1895) சிரிக்க வைத்தது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 1905 கட்டுரை பலரைத் தூங்க வைத்தது. இயந்திரம் சிந்திக்குமா என்று கணினி முன்னோடி ஆலன் டூரிங் கேட்ட கட்டுரையும் இந்த இதழில்தான், 1950 அக்டோபரில், வந்தது.

அதற்கு இடம் கொடுத்த ஆசிரியர் கில்பர்ட் ரைல். 1959-ல் எர்னஸ்ட் கெல்னரின் நூலை, அது வசை பாடுகிறது என்று சொல்லி, மதிப்புரைக்கு ஏற்காமல் திருப்பி அனுப்பியவரும் அவரே. அந்த நூல் சாடிய ஆக்ஸ்ஃபோர்டு தத்துவக்காரர்களில் ரைலும் ஒருவர், சிக்கல் அங்கேதான். அந்த நூலுக்கு முன்னுரை எழுதிய ரஸ்ஸல் சும்மா இருப்பாரா? ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் போட்டார்; வாரக்கணக்கில் வாதம் நடந்தது. நம் கூட்டத்திலும் இரண்டு கட்சி. மதிப்புரை போட்டு அதிலேயே வெளுத்து வாங்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, நிதிக்கு வருவோம். அலெக்சாண்டர் பெயின் என்னும் தத்துவ அறிஞர் கைக்காசைப் போட்டுத் தொடங்கிய இதழ் ‘மைண்ட்’. 1900-ல்தான் அதைத் தாங்க ஒரு சங்கம் அமைந்தது. நமக்கு அப்படி ஒரு பெயின் கிடைக்கவில்லை. எனவே சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே பொருளாளரைப் பார்க்கவும். வரவு செலவை அவர் அடுத்து வாசிப்பார்.

‘மைண்ட்’டின் புதிய இதழ்களுக்குச் சந்தா கட்ட நம்மால் ஆகாது. கல்லூரி நூலகம் வழியாகப் பார்க்க ஏற்பாடு செய்வதாக நம் பேராசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்