ஒரு வருடம் துரு அண்டாது என்றீர்கள், 83 நாள் கூடத் தாங்கவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் துப்பாக்கி எண்ணெய் 200 மில்லி பாட்டில் ஒன்றை 2024 பிப்ரவரியில் ஆன்லைனில் வாங்கினேன். பில், பாட்டிலின் நான்கு பக்கப் படங்கள், துப்பாக்கியின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "சரியான முறையில் பூசப்படாததால் ஏற்பட்ட பாதிப்பு" என்று ஒரே வரியைத்தான் அனுப்பினீர்கள். அதனால் இந்தத் தடவை எப்படிப் பூசினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், முழுதாகப் படியுங்கள்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். அப்பா 1978-இல் வாங்கிய பன்னிரண்டு போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி என்கிற அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு, அவர் காலத்துக்குப் பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. சுடுவது அபூர்வம், ஆனால் மாதம் ஒருமுறை துடைக்காமல் விட்டதில்லை. இங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும், அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூசணம் பிடிக்கும், இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாத்தா தேங்காய் எண்ணெய்தான் தடவுவாராம். அது மார்கழிக் குளிரில் உறைந்து விசையெல்லாம் இறுகுகிறது, கொஞ்ச நாளில் சிக்குப் பிடிக்கிறது என்று அப்பா தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறினார். பேரல் மடங்குகிற கீலில் மட்டும் ஒரு பொட்டு கிரீஸ், ஏனென்றால் அங்கே இரும்பும் இரும்பும் அழுந்தித் தேய்கிறது, மெல்லிய எண்ணெய் நிற்காது. நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் போனது, ஒரு துருப்புள்ளி கிடையாது.

அதை விட்டு உங்கள் பாட்டிலை வாங்கியதற்குக் காரணம் தேர்தல். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், வாக்குப்பதிவு முடிந்தாலும் எண்ணிக்கை வரை வெளியே வராது, அதுவரை நம் கை அதன் மேல் படாது. அப்படிக் கிடக்கும் காலத்துக்குத்தான் மாதாமாதம் துடைக்கத் தேவையில்லாத ஒன்றைத் தேடினேன். "சுத்தம் செய்யும், உராய்வைக் குறைக்கும், ஒருமுறை பூசினால் ஒரு வருடம் துரு அண்டாது, எல்லா வகைத் துப்பாக்கிக்கும்" என்று உங்கள் லேபிள் சொன்னது.

மார்ச் 21-ஆம் தேதி ஒப்படைத்தேன். அதற்கு முந்தின நாள் இரண்டு குழலிலும் முதலில் பித்தளை பிரஷ், அப்புறம் வெள்ளைத் துணி அழுக்கில்லாமல் வரும்வரை ராடு விட்டு இழுத்தேன். பிறகு வெயிலில் அரை மணி நேரம் வைத்து, உங்கள் எண்ணெயை உள்ளேயும் வெளியேயும் பூசி, லேபிளில் சொன்னபடி பத்து நிமிஷம் விட்டு, அதிகமாக இருந்ததை மட்டும் ஒற்றி எடுத்தேன். கீலுக்கும் உங்களுடையதுதான், கிரீஸ் வேண்டாம் என்று நீங்கள் போட்டிருந்ததால். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று பருத்தித் துணியில்தான் சுற்றிக் கொடுத்தேன். இதில் எது சரியான முறை இல்லை என்று சொல்லுங்கள்.

ஜூன் 12-ஆம் தேதி திரும்ப வாங்கினேன், 83 நாள். இடையில் கோடை மழையும் வந்து போயிருந்தது. துணியைப் பிரித்ததும் செந்துரு துணியிலேயே ஒட்டியிருந்தது. இடது பேரலின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, வளைவு வளைவாக, யாரோ மை தொட்டு வைத்தது போல அப்படியே துருவில் பதிந்திருக்கிறது. வாங்கி வைக்கும்போது நம்பரைச் சரிபார்க்க ஒருவர் பிடித்துத் திருப்பினார், அந்த வியர்வைதான். ஒப்படைக்கிற துப்பாக்கியை யாராவது தொடத்தான் செய்வார்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு இருந்தால் துரு ஓடும், அதைத் தாங்குவதற்குத்தானே எண்ணெய்? வலது குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தோட்டா உட்காரும் இடத்துக்கு முன்னால் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். கோயம்புத்தூரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் காட்டினேன். மெல்லிய ஸ்டீல் உல்லும் எண்ணெயும் வைத்து மேல்துருவை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் குழி விழுந்தது விழுந்ததுதான், அதை நிரப்ப முடியாது, ரேகை இருந்த இடத்தில் கறுப்புப் பூச்சும் போய்விட்டது என்றார்கள்.

உங்கள் பதிலில் நம்பிக்கை இல்லாமல் நானே சோதித்தும் பார்த்தேன். ஒரே தகட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒன்றில் உங்களுடையது, ஒன்றில் தையல் மெஷின் எண்ணெய், ஒன்றில் எதுவும் இல்லாமல் திண்ணையில் வைத்தேன். வெறும் துண்டு மூன்றாம் நாளே சிவந்தது. உங்களுடையது ஒன்பதாம் நாள். தையல் மெஷின் எண்ணெய்த் துண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் ஓரத்தில் மட்டும் லேசாக மங்கியிருந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் உங்கள் எண்ணெயில் பெரும்பங்கு இரண்டு நாளில் பறந்துவிடுகிறது, விரலால் தொட்டால் வழவழப்பே இல்லை. முகர்ந்தாலே மண்ணெண்ணெய் வாடை. சுட்ட பிறகு குழலில் படியும் கரியைக் கரைக்க இந்த மாதிரிக் கரைப்பான் நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கரைத்துவிட்டுப் பறந்துபோகிற ஒன்று மூன்று மாதம் இரும்பின் மேல் எப்படி நிற்கும்? டபிள்யூடி-40 என்று ஒரு ஸ்ப்ரே 1953-இல் அமெரிக்காவில் செய்தார்களே, அதன் பெயரே 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', ஈரத்தை விரட்டுவது, நாற்பதாவது முயற்சி என்றுதான் அர்த்தம். என்ன வேலைக்குச் செய்தார்களோ அதைப் பெயரிலேயே வைத்தார்கள். மூன்று வேலையையும் ஒரே பாட்டிலில் செய்யவே முடியாது என்றும் சொல்லமாட்டேன், ஜெர்மனியில் பாலிஸ்டால் என்கிற துப்பாக்கி எண்ணெய் நூறு வருஷத்துக்கு மேலாக விற்கிறது. உங்களுடையது அப்படி இல்லை, அவ்வளவுதான்.

என் துப்பாக்கி போனது கூட ஒரு பக்கம் இருக்கட்டும். "எல்லா வகைத் துப்பாக்கிக்கும்" என்ற வரிக்குக் கீழே ஏர் ரைஃபிள் படமும் போட்டிருக்கிறீர்கள். என் அண்ணன் மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். மிச்சமிருந்ததை அவளுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டபோது அவள் பயிற்சியாளர் போனிலேயே பதறிவிட்டார். அதன் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட இருநூறு மடங்கில், காற்று நிற்கிறது, அந்த அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கலாம், சீல்களுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும், ரப்பர் வளையமும் இதில் ஊறி உப்பிவிடும் என்றார். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. அவள் கேட்காமல் போட்டிருந்தால்? தயவுசெய்து அந்தப் படத்தை இன்றைக்கே எடுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். எனக்குப் பணம் தருவதற்கு முன்னால் இதைச் செய்தாலும் சரி.

பாட்டிலின் விலையும் கோவைக் கடையின் பில் தொகையும் எனக்கு வர வேண்டும். எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்ற பாதுகாப்புத் தகவல் தாளையும் அனுப்புங்கள், ஒரு வருடம் என்பதை எந்தச் சோதனையில் கண்டீர்கள் என்றும் எழுதுங்கள். முப்பது நாளில் ஒழுங்கான பதில் வரவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்வேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது.

பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கிறது, மூன்று தகடுகளையும் தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறேன். சோதிக்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்