வரிசை மாறினால் இண்டெக்ஸும் கெடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்வரைப் புது லினக்ஸுக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும் என்ற இடத்தில் பதறிப்போனேன். அப்படிச் செய்துதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், எந்தச் சொல் முன், எது பின் என்று போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் சி லைப்ரரி என்ற அடிப்படை நிரல் தொகுப்பைத்தான் கேட்கும். அது சொன்னபடி இண்டெக்ஸ், அதாவது பதிவுகளைச் சட்டென்று தேட உதவும் வரிசைப் பட்டியல், அடுக்கப்படும். 2018 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.28 அந்த வரிசையையே மாற்றிவிட்டது. அமெரிக்க ஆங்கில லொக்கேலில் (மொழி அமைப்பில்) அதுவரை '11' முதலில், '1-1' அடுத்து. இப்போது தலைகீழ்.

நான் கணக்குப் பார்க்கும் உதிரிபாகக் கடையில் சரக்கு எண்கள் பாதிக்கு மேல் இப்படிக் கோடு போட்டவை. டெபியன் என்ற லினக்ஸின் 9-ஆம் பதிப்பிலிருந்து 10-க்கு மாறிய மறுநாள், கவுன்டர் பையன் ஒரு பேரிங் எண்ணைத் தட்டினான். இல்லை என்று வந்தது. பெட்டியோ அலமாரியில் கண்ணெதிரே இருக்கிறது. சரி, விட்டுப்போயிருக்கும் என்று புதிதாகப் பதிந்தான். இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டிய யுனிக் இண்டெக்ஸ் அதையும் வாங்கிக்கொண்டது. பழைய வரிசையில் அடுக்கியதைப் புது வரிசைப்படி தேடினால் எப்படிக் கிடைக்கும்? பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. அப்புறம் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸைப் புதிதாக அடுக்கும் கட்டளை) போட்டபோதுதான், ஒரே எண் இரண்டு முறை இருக்கிறது என்று அது பாதியில் நின்றது. இருப்பை எண்ணிச் சரிபார்க்க இரண்டு இரவு ஆனது.

போஸ்ட்கிரெஸின் 15-ஆம் பதிப்பிலிருந்து, வரிசை விதியின் பதிப்பு மாறினால் எச்சரிக்கை வருகிறது. 17-இல் இயங்குதளத்தைச் சாராத சொந்த வரிசையே உண்டு. சரக்கு எண்ணுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்படி அடுக்குவதால் தமிழ்ப் பெயர்களுக்கு ஆகாது. அகராதியில் 'பகல்'-க்கு முன்னால் வரும் 'பக்கம்' அதில் பின்னால் போய்விடும், னகரம் பகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். இண்டெக்ஸை அந்த வரிசையில் வைத்துக்கொண்டு, பட்டியலைத் திரையில் காட்டும்போது மட்டும் மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியு லைப்ரரியின் தமிழ் வரிசையைக் கேட்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

கோப்பை நகலெடுப்பவர்கள் கடை திறக்கும் முன்பே ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும், அல்லது தரவை டம்ப் (தனிக் கோப்பு) எடுத்துப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்